புயல் மாதிரியில் கடல்–காற்றுப் பரிமாற்றம்: பூஜ்யமா, ஒன்றா, இரண்டா?

வங்கக் கடல் புயல் ஒன்றை டபிள்யூஆர்எஃப் என்ற கணினி வானிலை மாதிரியில் ஓட்டிப் பார்க்க உட்காருகிறவர்கள், மேகங்களுக்கு எந்தத் திட்டத்தைப் போடுவது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மாதிரியின் அமைப்புகளையெல்லாம் எழுதும் அதே நேம்லிஸ்ட் கோப்பில் ஐஎஸ்எஃப்டிசிஃப்ளக்ஸ் என்று இன்னொரு வரி இருக்கிறது. கடலும் காற்றும் பரிமாறிக்கொள்வதை எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுவது என்று சொல்லும் வரி அது. அதற்கு 0, 1, 2 என்று மூன்று மதிப்பு கொடுக்கலாம். சீனியர் கொடுத்த கோப்பில் என்ன இருந்ததோ அதுவே பெரும்பாலும் அப்படியே தொடரும். ஏன் அந்த எண் என்று ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் வராது. புயலின் உச்சக் காற்றைக் கோட்பாட்டளவில் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றக்கூடிய வரி அது. அதனால் கொஞ்சம் நின்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடலுக்கும் காற்றுக்கும் நடுவே நடப்பது இரண்டு கொடுக்கல் வாங்கல். காற்று தன் உந்தத்தைக் கடலிடம் இழக்கிறது. அலையும் நீரோட்டமும் அதில்தான் பிறக்கின்றன. கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. அதில் பெரும்பங்கு நீராவியாகப் போகும் உள்ளுறை வெப்பம். முதலாவது புயலுக்குச் செலவு, இரண்டாவது வரவு. எந்த மாதிரியாலும் ஒவ்வொரு அலையையும் நுரையையும் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. அதனால் 10 மீட்டர் உயரக் காற்றின் வேகத்தை எடுத்து ஒரு குணகத்தால் பெருக்கிவிடுகிறார்கள். உந்தத்துக்கு இழுவைக் குணகம், வேகத்தின் இருமடியோடு. வெப்பத்துக்கு இன்னொரு குணகம், வேகத்தோடும் கடல்–காற்று வெப்ப, ஈரப்பத வித்தியாசத்தோடும். வானிலை அறிஞர் கெரி இமானுவேலின் கோட்பாட்டின்படி ஒரு புயல் எட்டக்கூடிய உச்ச வேகம், வெப்பக் குணகத்தை இழுவைக் குணகத்தால் வகுத்து வரும் விகிதத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும். நம் மூன்று தேர்வுகளும் இந்த இரண்டு குணகங்களைப் பற்றியவைதான்.

முதலில் பூஜ்யத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைத் தள்ளுவது சுலபம்.

அது சார்னாக் என்ற ஆய்வாளர் 1955-இல் சொன்ன யோசனையின் வழி வருவது. காற்று கூடக் கூட அலை எழும், கடல் மேற்பரப்பு சொரசொரப்பாகும், இழுவையும் கூடும். மிதமான காற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும். லார்ஜ், பாண்ட் இருவரும் 1981-இல் கொடுத்த நேர்கோட்டுச் சூத்திரமும் விநாடிக்கு 25 மீட்டர் வரைக்கும் இதையேதான் சொன்னது. அதற்கு மேல் அளவீடே இல்லாததால் எல்லோரும் கோட்டை அப்படியே மேலே நீட்டிக்கொண்டார்கள். சிக்கல் அந்த நீட்டலில்தான்.

2003-இல் பவல் குழு, புயல்களுக்குள் விமானத்திலிருந்து போட்ட ஜிபிஎஸ் டிராப்சோண்டுகளின் (விழுந்துகொண்டே காற்றை அளக்கும் கருவிகள்) 331 காற்று வரைவுகளைச் சேர்த்துப் பார்த்தது. விநாடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தாண்டியதும் இழுவைக் குணகம் ஏறுவதை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு டோனலன் குழு மயாமியின் காற்று–அலைத் தொட்டியில் முற்றிலும் வேறு முறையில் அளந்தது. அங்கேயும் ஏறக்குறைய அதே 33 மீட்டரில் குணகம் 0.0025 பக்கம் வந்து தட்டையாகிவிட்டது. 2004-இல் ஐவன் புயல் மெக்சிகோ வளைகுடாவில் கடலடியில் இருந்த நீரோட்டமானிகளுக்கு மேலாகவே போனது. நீரோட்டத்தின் வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட யாரோஷ் குழுவும் 32 மீட்டர் வாக்கில் உச்சம், பிறகு சரிவு என்றது. ஒன்று காற்றுப் பக்கமிருந்து, ஒன்று ஆய்வகத்தில், ஒன்று தண்ணீருக்கு அடியிலிருந்து. மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது சந்தேகப்பட அதிகம் மிச்சமில்லை. அலையின் முகட்டைக் காற்று சீவி எறிந்துவிடுகிறது, பள்ளங்களின் மேல் காற்று ஒட்டாமல் தாவிப் போகிறது, நுரையும் திவலையும் மேற்பரப்பை மூடிவிடுகின்றன. காரணங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் உண்டு. குணகம் நின்றுவிடுகிறது என்பதில் இல்லை.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கையாலேயே போட்டுப் பார்க்கலாம். காற்று விநாடிக்கு 50 மீட்டர் என்று வையுங்கள். சார்னாக் மாறிலி (காற்றுக்கேற்பச் சொரசொரப்பு எவ்வளவு ஏறும் என்று சொல்லும் எண்) 0.0185 என்று எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுச் சமன்படுத்தினால் இழுவைக் குணகம் 0.0041 வருகிறது. 1, 2 ஆகிய இரண்டு தேர்வுகளும் டோனலன் வழியில் போய், சொரசொரப்பு நீளத்தை (மேற்பரப்பின் சொரசொரப்பை மீட்டரில் சொல்லும் அளவு) 0.00285 மீட்டருக்கு மேல் ஏற விடுவதில்லை. அதை, உயரத்தோடு காற்று மாறுவதைச் சொல்லும் மடக்கைச் சூத்திரத்தில் போட்டால் குணகம் 0.0024. காற்று கடலை இழுக்கும் விசை முதல் கணக்கில் சதுர மீட்டருக்கு 12 நியூட்டன் சுமார், இரண்டாவதில் 7. புயல் சுழற்சியைக் காப்பாற்றச் செய்ய வேண்டிய செலவு 70 சதவீதம் கூடுதலாகிறது, அதுவும் அளவீடு எதுவும் ஆதரிக்காத ஒரு நீட்டலால். புதிய பதிப்புகளில் பூஜ்யத்தின் உள்ளே இருக்கும் மாறிலி, கடல்–காற்றுப் பரிமாற்றத்துக்கென்றே உருவான கோர் சூத்திரங்களின் பக்கம் மாறியிருக்கிறது என்பதைச் சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். கோர் அருமையான வேலைதான், ஆனால் அது மிதமான காற்றுக்கு அளந்து செய்தது. 50 மீட்டரில் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அங்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தியது நாம்.

பெரிய வானிலை மையங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையம் தன் மாதிரியின் 47ஆர்1 பதிப்பில், 2020-இல், பலத்த காற்றில் இழுவையைக் குறைத்தது.

ஆக, உங்கள் புயலின் காற்று 25 மீட்டரைத் தாண்டாது என்றால் பூஜ்யம் இருந்துவிட்டுப் போகட்டும். தீவிரப் புயல் என்றால் வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 0 போட்டு ஒரு ஓட்டம், 1 போட்டு ஒரு ஓட்டம், இரண்டையும் கழித்து ‘இதுதான் இழுவையின் விளைவு’ என்று எழுதிவிடாதீர்கள். 1-உம் 2-உம் போடும்போது, உராய்வில் கரையும் ஆற்றல் வெப்பமாகத் திரும்பும் கணக்கும் மாதிரிக்குள் சேர்ந்து இயங்க ஆரம்பிக்கும். வெப்பக் குணகமும் மாறிவிடும். மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழி போடுவதாகிவிடும்.

நிஜமான போட்டி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான்.

இரண்டிலும் இழுவை ஒன்றே. வெப்பத்தில்தான் பிரிகின்றன. தேர்வு 1 வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உரிய சொரசொரப்பு நீளத்தை 0.0001 மீட்டர் என்று நிலையாக வைத்துக்கொள்கிறது. தேர்வு 2 காரட் என்ற ஆய்வாளரின் சூத்திரத்தை எடுக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக ஆக, நீரை ஒட்டிய மெல்லிய படலத்தின் வழியே வெப்பம் கடப்பது ஒப்பளவில் கடினமாகும் என்பது அதன் உள்ளடக்கம். அலை உந்தத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கலாம். வெப்பத்துக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது, மூலக்கூறு மூலக்கூறாகத்தான் கடக்க வேண்டும். இயற்பியலாகப் பார்த்தால் 2 கேட்கவே நன்றாக இருக்கிறது.

எண்ணாகப் பார்ப்போம். 50 மீட்டர் காற்றில் தேர்வு 1-இன் வெப்பக் குணகம் 0.0017. தேர்வு 2-இல் 0.0011. இழுவையால் வகுத்தால் விகிதம் முறையே 0.71, 0.46. வர்க்கமூலம் எடுத்தால் உச்ச வேகத்தில் 24 சதவீத வித்தியாசம். ஒன்றில் 50 என்றால் மற்றதில் 62. வகைப்பாட்டில் ஒரு படி முழுசாக மாறிவிடும்.

அளவீடுகள் எந்தப் பக்கம்? சிபிளாஸ்ட் என்ற கடல்–காற்று ஆய்வுத் திட்டத்தில் 2003-இல் ஃபேபியன், இசபெல் புயல்களுக்குள் விமானம் தாழப் பறந்து கொந்தளிப்பை நேரடியாகவே அளந்தார்கள். 30 மீட்டர் வரையிலான காற்றில் வெப்பக் குணகம் 0.0011, 0.0012 என்ற அளவில் நின்றது. காற்று கூடினாலும் கூடவில்லை. என் கணக்கில் 30 மீட்டரில் தேர்வு 2 கொடுப்பது 0.0012, தேர்வு 1 கொடுப்பது 0.0016-க்கும் மேல். பிறகு 2012-இல் பெல், மான்ட்காமரி, இமானுவேல் மூவரும் அதே புயல்களின் உந்த, ஆற்றல் வரவுசெலவுகளிலிருந்து 52 முதல் 72 மீட்டர் வரையிலான காற்றுக்குக் கணக்கிட்டார்கள். இழுவை 0.0024, வெப்பம் 0.0010. பிழை இடைவெளி 40 சதவீதமும் அதற்கு மேலும். அந்த இடைவெளியைத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 0.0017 அதற்கு வெளியே நிற்கிறது, 0.0011 உள்ளே இருக்கிறது.

அப்படியானால் 1-ஐ ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று மரியாதையானது: இமானுவேலே 1995-இல் தீவிரப் புயல்கள் இருக்க வேண்டுமானால் விகிதம் 0.75-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 0.71 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, 0.46 வெகு கீழே. அளவீடு அதற்கும் கீழே காட்டியபோது, பலத்த காற்றில் திவலைகள் கூடுதல் வெப்பம் கொண்டுவருகின்றன என்று ஒரு வழி சொல்லப்பட்டது. அது இன்னும் திறந்த கேள்விதான். இரண்டாவது காரணம் அவ்வளவு மரியாதையானதல்ல: 9 கிலோமீட்டர் கிரிட்டில் (கணக்கிடும் புள்ளிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி) ஓட்டும்போது, புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் கண்சுவர் சரியாக உருவாகாது, புயல் மெலிந்து நிற்கும். 1 போட்டால் அழுத்தம் இறங்கி, கட்டுரையின் வரைபடத்தில் கோடுகள் ஒட்டிப் போகும். விடை சரி, வழி தப்பு. பள்ளிக்கூடத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

அதற்காக 2 போட்டவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் இல்லை. கடல் வெப்பநிலையை ஆரம்பத்தில் கொடுத்தபடியே நிலையாக வைத்து ஓட்டினால் புயல் குடித்தாலும் குறையாத வெந்நீர் கடலில் இருக்கும். அதனால் புயல் அளவுக்கு மீறி வலுக்கும். 2 போட்டால் வரவு குறைந்து சமன்படும். அங்கேயும் ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்கிறது.

அதனால்தான் இந்த வரியை மாற்றும் முன் கடலைப் பார்க்கச் சொல்வேன். கடல் 29 டிகிரி, மேலே காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு கிலோ காற்றில் இருக்கும் நீராவி சுமார் 24.8 கிராம், மேலே இருக்கும் காற்றில் 19.1 கிராம். வித்தியாசம் 5.7. ஆவியாகும் வெப்பத்தை இயக்குவது இந்த 5.7தான். 50 மீட்டர் காற்றில் தேர்வு 1 போட்டால் சதுர மீட்டருக்கு 1,350 வாட், தேர்வு 2 போட்டால் 880 வாட். இப்போது குணகத்தைத் தொடாமல் கடலை மட்டும் 2 டிகிரி குளிரவிடுங்கள். நீர்ப்பரப்பில் 22 கிராம், வித்தியாசம் 2.9. பாதியாகிவிட்டது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நாம் போடும் சண்டை 35 சதவீதத்துக்கு. கடல் 2 டிகிரி குளிர்ந்தால் போவது 50 சதவீதம். நிஜத்தில் மேலே உள்ள காற்றும் கொஞ்சம் குளிர்ந்துகொள்ளும் என்பதால் விளைவு இதைவிடக் குறைவுதான், ஆனால் எது பெரிய விஷயம் என்பது மாறாது.

வங்கக் கடலில் இது பருவத்தைப் பொறுத்தது. பருவமழைக்குப் பின் வடக்கு வங்கக் கடலின் மேலே கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவந்த நன்னீர்ப் படலம் மிதக்கிறது. அதற்குக் கீழே உப்புநீர் கனமாக இருப்பதால் புயல் எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருவது கடினம். மேற்பரப்பு பெரிதாகக் குளிர்வதில்லை. மே மாதத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை, புயலின் பாதையில் 2, 3 டிகிரி குளிர்வு சாதாரணம். ஆகவே 2013 அக்டோபரில் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் மாதிரியான புயலுக்கு நிலையான கடல் வெப்பநிலை ஓரளவு தாங்கும். 2020 மே மாதத்து ஆம்பன் மாதிரியான புயலுக்குத் தாங்காது. பைலினில் சரியாக வந்த அமைப்பை ஆம்பனுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, குணகம் சரியில்லை என்று முடிவெடுப்பது அவசரம். முழுக் கடல் மாதிரியை இணைக்கக் கணினி நேரம் இல்லையென்றால், டபிள்யூஆர்எஃப்-இலேயே எளிய கலப்புப் படலத் திட்டம் (புயல் கலக்கும் மேல் நீரடுக்கை மட்டும் கணக்கிடுவது) இருக்கிறது. ஆனால் அதற்கு உப்பு தெரியாது, எனவே வடக்கு வங்கக் கடலில் அக்டோபரில் போட்டால் தேவைக்கு மேல் குளிர்த்திவிட வாய்ப்புண்டு. படலத்தின் ஆரம்ப ஆழத்தை அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் பார்த்துக் கொடுப்பது முக்கியம்.

அலை மாதிரியை இணைப்பது இன்னொரு வழி. ஐரோப்பிய மையம் 1998 முதலே அப்படித்தான் ஓட்டுகிறது. புயலின் எல்லாப் பக்கத்திலும் கடல் ஒரே மாதிரி இருப்பதில்லை. தூரத்திலிருந்து வரும் நீள் அலை காற்றுக்குக் குறுக்கே ஓடும் பகுதியில் இழுவை வேறு, காற்றோடு சேர்ந்து ஓடும் பகுதியில் வேறு. ஆய்வேட்டின் பொருளே அலை என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் கிடைக்கும் பலனுக்கு உழைப்பு அதிகம். திவலைச் சூத்திரங்கள் பக்கம் இப்போதைக்குப் போக மாட்டேன். அதிலுள்ள சுதந்திர அளவுருக்களைக் கொண்டு எந்தப் புயலையும் எந்த அழுத்தத்துக்கும் கொண்டுவந்துவிடலாம்.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது? வங்கக் கடலில் புயலுக்குள் வழக்கமாக விமானம் போவதில்லை. நாம் ‘அவதானிப்பு’ என்று வரைபடத்தில் போடும் உச்சக் காற்று பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தின் மேக அமைப்பைப் பார்த்து டுவோரக் முறையில் மதிப்பிட்டது; இந்திய வானிலைத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி, அமெரிக்கக் கணக்கு 1 நிமிடம், மாதிரி துப்புவது அந்தக் கணத்து மதிப்பு. இதில் 5 மீட்டர் ஒட்டவில்லை என்று குணகத்தை மாற்றுவதில் அர்த்தமில்லை. காற்றும் மைய அழுத்தமும் சேர்ந்து எப்படிப் போகின்றன என்று பாருங்கள். இழுவை அதிகமாக இருந்தால் அதே அழுத்தத்துக்குக் காற்று குறைவாக வரும்; அந்த உறவு கோணலாக இருந்தால் சந்தேகம் இழுவையின் மேல். இரண்டும் சேர்ந்தே மெலிந்தோ வலுத்தோ இருந்தால் வெப்பம், கடல், கிரிட் என்று தேடலாம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள் புயல் பாதைக்கு அருகில் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் அவற்றின் காற்றுமானி 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 8 மீட்டர் அலை ஓடும்போது பள்ளத்தில் இறங்கிய மிதவை காற்று மறைவில் இருக்கும். 3 மீட்டரை 10 மீட்டருக்கு மாற்றும் சூத்திரத்திலும் நாம் சோதிக்க வந்த அதே சொரசொரப்பு ஒளிந்திருக்கிறது. அழுத்தமும் நீர் வெப்பநிலையும்தான் மிதவையில் நம்பி எடுக்கக்கூடியவை.

இவ்வளவும் வைத்து என் ஓட்டு 2-க்கு. 3 கிலோமீட்டர் அல்லது அதைவிட நெருக்கமான கிரிட், கடல் குளிர்வுக்கு ஏதாவது ஒரு ஏற்பாடு, அப்புறம் 2. இன்னொரு ஓட்டத்துக்கு நேரம் இருந்தால் 1-ஐயும் ஓட்டி, அதை மேல் எல்லையாகக் காட்டலாம். 9 கிலோமீட்டரைவிட நெருக்கமான கிரிட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் 1-ஐப் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் புயல் ஏன் வலுத்தது என்று அந்த ஓட்டத்தை வைத்துக் காரணம் சொல்ல வேண்டாம். பாதை மட்டும்தான் வேண்டும் என்றால் இந்த வரியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்; பாதையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுற்றியிருக்கும் பெரிய காற்றோட்டம்.

புயல் எழுச்சி, அதாவது புயலால் கரையில் கடல் மட்டம் ஏறுவதைக் கணக்கிடுபவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. அவர்களுக்கு வெப்பக் குணகம் தேவையே இல்லை, இழுவைதான் எல்லாம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எழுச்சி எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அட்சர்க் என்ற கடல் மாதிரியில் காரட் 1977-இல் கொடுத்த நேர்கோட்டுச் சூத்திரம் வழக்கமாக இருக்கும், 0.0035-இல் அதற்கு உச்சவரம்பு. 10 மீட்டர் ஆழமுள்ள கடலில் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 50 மீட்டர் காற்று நேராகக் கரையை நோக்கி நிலையாக வீசினால், 0.0041 குணகம் தண்ணீரை 2.3 மீட்டர் ஏற்றும், 0.0024 ஏற்றுவது 1.4 மீட்டர். அளவீடுகளைப் பார்த்துவிட்டு உடனே வரம்பை 0.0024-க்கு இறக்கத் தோன்றும். அவசரப்படக் கூடாது. பல பழைய அமைப்புகளில் அலை உடைவதால் கரையோரம் ஏறும் நீர் கணக்கிலேயே இல்லை. கூடுதல் இழுவை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அலை மாதிரியைச் சேர்த்தால் வரம்பை இறக்குங்கள், சேர்க்காவிட்டால் பழையபடி விடுங்கள். காற்றை டபிள்யூஆர்எஃப்-இலிருந்து எடுத்து எழுச்சி மாதிரிக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2 போட்டு ஓட்டிய காற்று 0.0024 இழுவையோடு சமன்பட்டு வந்தது. அதே காற்றை 0.0035 வரைக்கும் ஏறும் சூத்திரத்தில் போட்டால், காற்று இழந்ததைவிட அதிக உந்தம் கடலுக்குப் போய்ச் சேரும். நாகப்பட்டினம், பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத கரைகளில் அந்த உபரி நேராக நீர்மட்டத்தில் தெரியும்.